பாடம் முடித்தலிலிருந்து திறன் அடைதலுக்கு: தமிழகத் தொடக்கப் பள்ளித் தலைமையின் மாற்றம்

திறன் அடிப்படையிலான கல்வி என்பது, ஒரு மாணவர் எத்தனை ஆண்டு வகுப்பில் அமர்ந்தார் என்பதைக் கொண்டு அவரை மேலே அனுப்பாமல், குறித்த ஒரு திறனை அவர் அடைந்துவிட்டாரா என்பதைக் கொண்டு அடுத்த படிக்கு அனுப்பும் முறையாகும். மரபான வகுப்பறையில் காலம் நிலையானது. கற்றல் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். திறன்வழிக் கல்வியில் அடைய வேண்டிய கற்றல் நிலையானது. அதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் வேறுபடலாம்.

தமிழ்நாட்டில் இம்மாற்றம் பெரிய அளவில் முயன்று பார்க்கப்பட்டது 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் மூலமாகும். அதன் அட்டைகளும் ஏணிப்படிகளும் பலராலும் பேசப்பட்டன. பள்ளித் தலைமையிடம் அது கேட்ட மாற்றம் அதிகம் பேசப்படவில்லை. "பாடம் எதுவரை முடிந்தது?" என்று கேட்டுப் பழகிய தலைமையாசிரியரும் ஆய்வு அலுவலரும் "எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி மாறிய வரலாற்றையும், மாறாமல் நின்ற இடங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பாடநூல், ஆண்டுக்கு ஒரு தேர்வு என்ற அமைப்பு தமிழகத்தில் தொன்றுதொட்டு இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் வகுப்புப் பிரிவு இல்லை. மணலில் விரலால் எழுதும் சிறுவனும், ஓலையில் எழுத்தாணி பிடிக்கும் பெரியவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். அரிச்சுவடி முடித்தவன் எண்சுவடிக்கும், அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற நூல்களுக்கும் சென்றான். ஒருவன் விரைந்து செல்லலாம், மற்றொருவன் மெதுவாகச் செல்லலாம். முன் சென்ற மாணவருள் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். அதன்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தாழ்த்தப்பட்ட சாதியினருக்குப் பெரும்பாலும் இடமில்லை. பிரம்படியும் பொருள் அறியா மனப்பாடமும் அங்கு வழக்கமாக இருந்தன. ஆகவே திண்ணைப் பள்ளியை இலட்சியப் பள்ளியாகக் காட்டுவது பொருந்தாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அறிந்திருந்தார். எவன் எந்தச் சுவடியில் நிற்கிறான் என்பதே அவருக்கு வேண்டிய கணக்கு.

இம்முறையின் ஒரு கூறு கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். அவருடைய நூல் 1797இல் இலண்டனில் வெளியானது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

துறையும் ஆய்வாளரும்

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் பொதுக் கல்வித் துறை அமைக்கப்பட்டது. 1855இல் ஏ. ஜே. ஆர்பத்நாட் அதன் முதல் இயக்குநரானார். பள்ளிகளுக்கு மானியம் வந்தது. மானியத்தோடு விதிகளும், விதிகளோடு ஆய்வாளரும் வந்தனர். பரந்த மாகாணத்தில் நெடுந்தொலைவு பயணம் செய்து சில மணி நேரமே ஒரு பள்ளியில் இருக்கக்கூடிய ஆய்வாளரால் ஒவ்வொரு பிள்ளையையும் அறிய முடியாது. அவர் பார்க்கக்கூடியவை வருகைப் பதிவேடு, வகுப்பு, பாடப் பகுதி, தேர்வு ஆகியவையே. பள்ளியும் மெல்ல மெல்ல அவர் பார்க்கக்கூடிய வடிவத்துக்கு மாறியது.

இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு இராபர்ட் லோவ் கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பு, மாணவர் வருகைக்கும் அவர்கள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பெறும் தேர்ச்சிக்கும் ஏற்பப் பள்ளிக்குப் பணம் வழங்கியது. 'விளைவுக்கேற்ற மானியம்' என்ற இம்முறை 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழுவும் தொடக்கக் கல்விக்கு அதைப் பரிந்துரைத்தது.

அடிப்படைத் திறன்களைச் சோதிப்பது என்ற அளவில் இது திறன்வழிக் கல்விக்கு நெருக்கமாகத் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. சோதனை நாளே பள்ளியின் குறிக்கோளாயிற்று. சோதிக்கப்படாதவை கற்பிக்கப்படவில்லை, தேறுவான் என்று தோன்றாத பிள்ளை கவனிக்கப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. ஒரு குழந்தையின் திறன் பள்ளிக்கு வருமானமாகும்போது, அந்த அளவீடு குழந்தைக்கு உதவுவதை நிறுத்திவிடுகிறது என்பதற்கு இது பழைய சான்று.

மானிய முறை மறைந்தாலும் அது உருவாக்கிய பழக்கம் மறையவில்லை. விடுதலைக்குப் பின்னும் நல்ல தலைமையாசிரியர் என்பவர் மணி அடிப்பது முதல் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் வரை கால அட்டவணை பிசகாமல் நடத்துபவர். பதிவேடுகளைத் திருத்தமாக வைத்திருப்பவர். ஆண்டாய்வுக்கு வரும் அலுவலர் கேட்டவுடன் பாடக்குறிப்பேட்டை எடுத்து நீட்டுபவர். இவை எல்லாம் இருந்தும், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு பத்தியை வாசிக்கத் திணறக்கூடும். அந்தக் குறை எந்தப் பதிவேட்டிலும் தெரியாது.

திறன் என்னும் அளவுகோல்

வகுப்பும் ஆண்டும் கற்றலின் அளவுகோலாக முடியுமா என்ற ஐயம் உலகின் பல பகுதிகளில் எழுந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள வின்னெட்கா ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக 1919இல் பொறுப்பேற்ற கார்ல்டன் வாஷ்பர்ன், அடிப்படைப் பாடங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறும் முறையை அமைத்தார். 1968இல் பெஞ்சமின் புளூம், போதிய காலமும் உரிய உதவியும் கிடைத்தால் பெரும்பாலான மாணவர்கள் முழுத் தேர்ச்சி அடைய முடியும் என்ற கருத்தை முன்வைத்தார். இருவரும் சொன்னதன் சாரம் ஒன்றே: பிந்தி நிற்கும் பிள்ளைக்குக் குறைவது அறிவன்று, காலமும் உதவியும்.

1990ஆம் ஆண்டு தாய்லாந்தின் ஜோம்தியனில் நடந்த 'அனைவருக்கும் கல்வி' உலக மாநாடு, பள்ளியில் சேர்ப்பதோடு நில்லாமல் பிள்ளைகள் உண்மையில் கற்கிறார்களா என்பதையும் நாடுகள் கவனிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு, இந்தியாவில் ஆர். எச். தவே தலைமையிலான குழு தொடக்கநிலைக்கான குறைந்தபட்சக் கற்றல் அடைவுகளை வகுத்தளித்தது. மொழி, கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றில் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை பெற வேண்டிய திறன்கள் எண்ணிட்டுப் பட்டியலிடப்பட்டன.

பட்டியல் வந்தது, பள்ளியின் நடைமுறை பெரிதாக மாறவில்லை. எண்ணிட்ட திறன்கள் பாடக்குறிப்பேட்டில் ஒரு புதிய கட்டமாயின. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் நடக்கும் வரை, திறன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதால் பிந்திய பிள்ளைக்கு ஒன்றும் கிட்டுவதில்லை. வகுப்பறையின் அமைப்பே மாற வேண்டும் என்பது அப்போது புலப்பட்டது.

ரிஷிவேலியும் எச்.டி. கோட்டேயும்

அத்தகைய மாற்றம் ஒரு சிறிய இடத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி தோற்றுவித்த ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த ஊரகக் கல்வி மையம், சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. பத்மநாப ராவ், ரமா ராவ் இணையர் அங்கு ஒரு முறையை உருவாக்கினர். பாடநூல் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் பயிற்சி, வளமூட்டல் என அட்டைகள் அமைந்தன. அவை எல்லாம் ஓர் ஏணியில் வரிசைப்படுத்தப்பட்டன. பல வயதுப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையிலிருந்து பிறந்த முறை இது.

1995இல் கர்நாடகத்தின் மைசூரு மாவட்டம் எச்.டி. கோட்டே வட்டத்தில், யுனிசெப் உதவியுடன், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இம்முறையைத் தங்கள் பள்ளிகளுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். 'நலி கலி' என்று அதற்குப் பெயர். ஆடிப்பாடிக் கற்றல் என்பது பொருள். தன்னார்வ நிறுவனத்தின் முறையொன்று அரசுப் பள்ளியிலும் நடக்கும் என்பதை இது காட்டியது.

சென்னை மாநகராட்சி, 2003

எம். பி. விஜயகுமார் இந்திய ஆட்சிப் பணி அலுவலர். வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் அவர் ஆர்வம் காட்டினார். பத்து வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை எந்த வகுப்பில் அமர்த்துவது என்ற கேள்விக்கு வயதுவாரி வகுப்பு முறையில் விடை இல்லை. அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானபின், ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப அட்டைகளைத் தாங்களே தயாரித்தனர். 2003-04ஆம் கல்வியாண்டில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் முறை தொடங்கியது. விரைவில் மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபின் மாநிலம் முழுவதற்குமான விரிவாக்கம் நடந்தது. முதலில் ஒன்றியத்துக்குச் சில பள்ளிகளில் மாதிரியாகத் தொடங்கப்பட்டு, 2007-08இல் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை செயல்வழிக் கற்றல் நடைமுறைக்கு வந்தது. உயர் தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற முறை அறிமுகமானது.

வகுப்பறையின் தோற்றம் மாறியது. பெஞ்சுகள் நீங்கிப் பாய்கள் வந்தன. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. அட்டைகள் தட்டுகளில் அடுக்கப்பட்டன. விலங்கு, பறவை போன்ற லோகோக்களைப் பார்த்துப் பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்துவந்தது. ஆசிரியரின் முழு உதவியுடன் கற்கும் குழு, பகுதி உதவியுடன் கற்கும் குழு, சக மாணவர் உதவியுடன் கற்கும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு எனப் பிள்ளைகள் அட்டைக்கு ஏற்ப இடம் மாறி அமர்ந்தனர். ஆசிரியர் பாயில் அவர்களோடு அமர்ந்தார். நான்கு வகுப்புப் பிள்ளைகளும் ஓரறையில் கலந்திருந்தனர்.

தலைமையாசிரியரின் மேசையில் மாறியவை

இந்த அறைக்குள் நுழையும் தலைமையாசிரியருக்குப் பழைய கருவிகள் பல பயன்படாமற் போயின. வகுப்பு முழுமைக்கும் பொதுவான பாடம் இல்லாததால் "இன்று எந்தப் பாடம்?" என்று கேட்க முடியாது. அமைதியைக் கொண்டு ஒழுங்கை அளக்க முடியாது. பிள்ளைகள் எழுந்து நடப்பதும் பேசுவதும் அங்கு வேலையின் பகுதி. மதிப்பீடு அட்டைகளுக்குள்ளேயே இருந்ததால், பருவத் தேர்வு மதிப்பெண் பட்டியலும் பழைய இடத்தை இழந்தது.

அவற்றுக்குப் பதிலாக ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பாடத்திலும் ஏணியின் எந்தப் படியில் இருக்கிறது என்பதைக் காட்டும் அடைவு அட்டவணை அது. அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்த தலைமையாசிரியருக்கு முன்பு தெரியாத செய்திகள் தெரிந்தன. ஒரு பிள்ளை மூன்று வாரமாக ஒரே படியில் நிற்கிறது என்றால் அங்கே ஏதோ தடை இருக்கிறது. பல பிள்ளைகள் ஒரே படியில் தேங்கினால் அட்டையிலோ கற்பிப்பதிலோ குறை இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் முந்தியும் தமிழில் பிந்தியும் இருக்கலாம். இரண்டும் ஒரே தாளில் தெரியும்.

இதனால் பெரிதும் பயன்பெறக்கூடியவர் இடையில் பள்ளியை விட்டுப்போய்த் திரும்பும் பிள்ளைகள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் செல்லும் பிள்ளை சில மாதங்களுக்குப் பின் வகுப்புக்கு வரும்போது, பாடம் அதை விட்டுவிட்டு வெகுதூரம் போயிருக்கும். புரியாத பாடத்தின் முன் அமர்ந்திருப்பதைவிடப் பள்ளிக்கு வராமலிருப்பது எளிது என்று அப்பிள்ளை கருதுவதில் வியப்பில்லை. ஏணிமுறையில் அப்பிள்ளை தான் விட்ட அட்டையையே எடுத்துத் தொடரலாம். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை நின்றுவிடுமா, நிலைக்குமா என்பதே இம்முறையின் உண்மையான பந்தயம்.

தலைமையாசிரியருக்குப் புதிய சுமைகளும் வந்தன. தொடக்கப் பள்ளிகளில் அவரும் ஒரு வகுப்பாசிரியரே. ஈராசிரியர் பள்ளியில், உடனாசிரியர் விடுப்பில் சென்றால் பள்ளி முழுவதும் அவர் பொறுப்பு. அட்டைகள் தொலைந்தாலோ கிழிந்தாலோ ஏணியில் ஒரு படி காணாமற்போகும். அதை அன்றே எழுதி நிரப்ப வேண்டும். மேலும், பாடநூலைப் பார்த்துக் கற்பித்துப் பழகிய மூத்த ஆசிரியரைப் பாயில் அமரச் செய்வதும் அவர் வேலையாயிற்று. ஆணையால் பெஞ்சை நகர்த்திவிடலாம். முப்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றுவதற்கு, கூடவே அமர்ந்து செய்துகாட்டும் ஒருவர் வேண்டும்.

வட்டார வள மையங்களில் இருந்த ஆசிரியர் பயிற்றுநர்கள் அந்த உதவிக்காக அனுப்பப்பட்டனர். அவர்கள் உடன் அமர்ந்து கற்பித்துக் காட்டிய இடங்களில் ஆசிரியருக்குத் துணையாயினர். பதிவேட்டைக் கேட்டு நின்ற இடங்களில் ஆசிரியர்கள் அவர்களை இன்னொரு ஆய்வாளராகவே கண்டனர்.

எதிர்ப்பும் தளர்வும்

முறைக்கு எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. பெற்றோர் பலர், பிள்ளை வீட்டில் பாடநூலைத் திறப்பதில்லை, வீட்டுப்பாடம் இல்லை, பள்ளியில் நாள் முழுவதும் விளையாட்டே நடக்கிறது என்று குறைபட்டனர். அருகிலுள்ள தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் சீருடையும் டையும் அணிந்து வரிசையாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளோடு அவர்கள் இதை ஒப்பிட்டனர். அரசுப் பள்ளியில் சேர்க்கை குறைந்துவந்த காலத்தில் இந்தக் குறை தலைமையாசிரியரை நேராகத் தாக்கியது. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும்.

ஆசிரியர் தரப்பில் சொல்லப்பட்ட குறைகளும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. அட்டை வரிசை இறுக்கமானது. ஆசிரியர் தம் அனுபவத்தைக் கொண்டு மாற்ற இடம் குறைவு. ஒரு கதையை வகுப்பு முழுவதும் சேர்ந்து கேட்டு மகிழும் வாய்ப்பு சுருங்குகிறது. பிள்ளைகள் தனித்தனி அட்டையோடு இருக்கும்போது உரையாடல் குறையலாம். பதிவு செய்யும் வேலையோ கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது.

இவற்றுக்கு மேலாக, தலைமையாசிரியர் இரண்டு அளவுகோல்களுக்கு நடுவே நின்றார். ஒருபுறம், பிள்ளை தன் வேகத்தில் செல்லட்டும் என்று முறை சொன்னது. மறுபுறம், ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் இந்தப் படியை எட்டியிருக்க வேண்டும் என்று ஆய்வு எதிர்பார்த்தது. அந்த நெருக்கடியில் அடைவு அட்டவணையில் பிள்ளை ஏறாத படியையும் ஏறியதாகக் குறிக்கும் ஆசை எழுவது இயல்பு. விளைவுக்கேற்ற மானியக் காலத்தில் கண்ட நோய் வேறு வடிவில் திரும்பக்கூடிய இடம் இதுவே.

சட்டமும் முப்பருவமும்

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடு, கண்டறிதல் வழியாகக் கற்றலையும், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டையும் சட்டத்தின் சொல்லாக்கியது. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைக் கூறுகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிப்பது ஒரு கடமை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்து அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பது அடுத்த கடமை. பழைய கேள்வியும் புதிய கேள்வியும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் மோதும்போது எதை முன்வைப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அந்த முடிவு அன்றாடம் தலைமையாசிரியரிடம் வந்து சேர்கிறது.

2012-13இல் தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையையும் தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டையும் கொண்டுவந்தது. கனமான பாடநூல் மூன்று பருவங்களுக்காகப் பிரிந்தது. செயல்வழிக் கற்றலும் அதற்கேற்ப எளிமைப்படுத்தப்பட்டுப் பாடநூலோடு நெருக்கமாக இணைக்கப்பட்டது. பெற்றோரும் ஆசிரியரும் கூறிய குறைகளுக்கு இது ஓரளவு விடையளித்தது. அதே வேளையில் பருவம் என்ற காலக்கெடு மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது. பருவத்துக்கு ஒரு நூல் என்றானபின், பிந்திய பிள்ளை தன் படியிலேயே நின்று தொடர்வது கடினமாயிற்று.

மேல்வகுப்புகளில் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடே பள்ளியின் பெயரை நிர்ணயித்தது. 2017இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. மதிப்பெண்ணின் ஆரவாரத்தைக் குறைத்த முடிவு அது. பள்ளித் தலைமையை அளக்கும் விழுக்காட்டுக் கணக்கு தொடர்ந்தது.

எண்ணும் எழுத்தும்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்பையே காணாத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் அமர்ந்தனர். வயதுவாரி வகுப்பு என்பது கற்றலின் அடையாளமாக முடியாது என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. மாலை வேளையில் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் முதல் உதவியாக வந்தது.

2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நடந்த திட்டம், 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளாகப் பிரிக்கப்பட்டனர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை என்று முறையே ஒப்புக்கொள்கிறது. அட்டை ஏணியின் இடத்தைப் பாடலும் கதையும் பயிற்சி நூலும் கொண்ட வகுப்பு பெற்றது. பிள்ளை தன் நிலையிலிருந்து கற்க வேண்டும் என்ற கருத்து தொடர்ந்தது.

பதிவு இப்போது செல்பேசிச் செயலிக்கு மாறியுள்ளது. தலைமையாசிரியரின் மேசையில் இருந்த அட்டவணையின் விவரங்களை மாவட்டத்திலும் மாநிலத் தலைமையிடத்திலும் உடனே காண முடிகிறது. இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. எந்த ஒன்றியத்துக்கு உதவி தேவை என்பது விரைவில் தெரியும். ஆனால் பள்ளிகளை வரிசைப்படுத்தவும் விளக்கம் கேட்கவும் அதே எண் பயன்பட்டால், தலைமையாசிரியருக்கு உண்மை எண்ணைவிட நல்ல எண் தேவைப்படும்.

வரலாறு காட்டுவது

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சுமார் இருநூறு மாணவர்களே கொண்ட சுகாச் பள்ளி மாவட்டம், 1990களில் வகுப்புப் பிரிவை நீக்கித் திறன் நிலைகளுக்கு மாறியது. 2001இல் நிறுவனச் சிறப்புக்கான அந்நாட்டின் பால்ட்ரிஜ் தேசிய விருதையும் பெற்றது. அங்கே பள்ளித் தலைவர்கள் பெற்றோரையும் ஊராரையும் கலந்து, பிள்ளைகள் எவற்றைக் கற்க வேண்டும் என்பதை முடிவுசெய்தபின் மாற்றத்தில் இறங்கினர். தமிழ்நாட்டில் 37,000 பள்ளிகள் ஓராண்டில் மாறின. பல ஊர்களில் பெஞ்சுகள் ஏன் காணாமற்போயின என்பதைப் பெற்றோர் பிறகே கேட்டறிந்தனர். இரண்டின் அளவும் ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் பெற்றோருக்கு முதலில் சொல்வது ஈராசிரியர் பள்ளியாலும் இயலக்கூடியதே.

இருபதாண்டு அனுபவத்திலிருந்து பள்ளித் தலைமைக்கான பணிகள் மூன்று தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது அறிதல்: பதிவேட்டை மட்டும் நம்பாமல் நாள்தோறும் சில பிள்ளைகளையாவது அருகில் அமர்த்தி வாசிக்கக் கேட்பது. இரண்டாவது நேரம் ஒதுக்குதல்: பிந்திய பிள்ளைகளுக்கு ஆசிரியர் உதவக் கால அட்டவணையில் இடம் ஏற்படுத்துவது. மூன்றாவது காத்தல்: பிந்திய பிள்ளையின் உண்மை நிலையை எழுதும் ஆசிரியரை, அந்த எண்ணுக்காகக் கேள்வி கேட்கப்படும்போது தாங்குவது. மூன்றாவது பணியே கடினமானது. தலைமையாசிரியருக்கு மேலே உள்ளவர்களும் தம் கேள்வியை மாற்றிக்கொண்டால்தான் அது இயலும்.

திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் படியையும் அறிந்திருந்தார். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கு இடமில்லை. துறைசார் பள்ளி காலப்போக்கில் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. ஆனால் பிள்ளையை வகுப்புக்குள் தொலைத்தது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொருவரையும் அறிவது என்ற வேலையைத்தான் செயல்வழிக் கற்றலும் அதன் பின்வந்த திட்டங்களும் எடுத்துக்கொண்டன. திட்டங்களின் பெயர்கள் இன்னும் மாறக்கூடும். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னும் மொட்டு நிலையில் நிற்கிறது என்று ஆசிரியர் வந்து சொல்லும்போது, தலைமையாசிரியர் முதலில் என்ன கேட்கிறார் என்பதைக் கொண்டே ஒவ்வொரு பள்ளியிலும் மாற்றம் நடந்ததா என்பதை அறியலாம்.